பேரப்பிள்ளைகளோடு பக்கத்து ஊர்ச் சரித்திரம்: சுங்கை சிப்புட் தாத்தா பாட்டிகள் கேட்கும் கேள்விகள்

காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். அப்படிப்பட்ட பழைய ஊர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பள்ளி விடுமுறை வந்தாலே பேரப்பிள்ளைகளை நம்மிடம் விட்டுவிட்டு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நானும் தோட்டத்தில் பிறந்து, பால்மரக் காட்டு வழியே பள்ளிக்கு நடந்த பாட்டிதான். சரித்திரம் படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம்.

பினாங்கும் கேமரன் மலையும் இருக்கும்போது கோலகங்சாருக்கும் பத்து காஜாவுக்கும் எதற்குப் போக வேண்டும்?

பினாங்குக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் விடுமுறை நாளில் பாலத்து ஜாமில் பாதி நேரம் கழியும், மீதி நேரம் வாகனம் நிறுத்த இடம் தேடுவதில் போகும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் சும்மா உட்காராது. கோலகங்சார் நமக்கு அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். இந்த வட்டாரத்தில் ரப்பர், ரயில் பாதை, பாலம், மாளிகை என்று எதைத் தொட்டாலும் அதில் நம் ஆட்களின் உழைப்பு இருக்கிறது. அங்குள்ள பலகைகளில் அதைப் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். துரை பேரும் ஆண்டும் இருக்கும், கல் சுமந்தவன் பேர் இருக்காது. அதை நாம் சொன்னால்தான் பிள்ளைக்குத் தெரியும்.

முதல் முறை போவதற்கு எந்த இடம் சரி?

கோலகங்சாரில் இருக்கும் ரப்பர் மரம். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு கிழட்டு மரம், அவ்வளவுதான். மகன் காரிலேயே உட்கார்ந்துகொண்டு “இதுக்கா வந்தோம்?” என்பான். விடுங்கள், கதையைக் கேட்டபிறகு அவனும் இறங்கி வருவான்.

கதை இதுதான். ரப்பர் மரம் நம் நாட்டு மரமே இல்லை, பிரேசில் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 விதைகளை அங்கிருந்து லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் கொஞ்சம்தான் முளைத்தது. மறு ஆண்டு, 1877-இல், சில கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகரான பிரிட்டிஷ் அதிகாரியாக, இருந்த ஹியூ லோ அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் மிச்சம் இருப்பதுதான் இந்த ஒன்று.

நட்டதோடு எல்லாம் நடந்துவிடவில்லை. ரொம்ப வருஷம் யாரும் அதைச் சீண்டவில்லை, தோட்டக்காரர்களுக்குக் காப்பிச் செடிதான் பெரிதாகத் தெரிந்தது. சிங்கப்பூர் பூங்காவின் பொறுப்பில் இருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் காட்டினார். அப்புறம் கார் வந்தது, டயர் வந்தது. காடுகளை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள், அதற்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள் நம் ஜனங்கள்.

மரத்தடியில் நின்று பேரனிடம் ஒரே ஒரு வரி சொன்னால் போதும்: “இந்த மாதிரி மரத்துக்கு வேலை பார்க்கத்தான் நம்ம பூட்டன் கப்பலேறி வந்தாரு.” அதற்கு மேல் அவன் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் “கப்பல்ல டாய்லட் இருந்துச்சா?” என்றுதான் கேட்பான். நல்ல கேள்விதான் அது.

அந்த மரத்தை யாரும் தொட்டுச் சீவ முடியாது. பால் எப்படி வடியும் என்று காட்ட வேண்டுமானால், இன்னும் பால் வெட்டுகிற சிறு தோட்டக்காரர் யாரையாவது விசாரித்து, அனுமதி வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். மங்கில், அதாவது மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தில், சொட்டுச் சொட்டாக விழுவதையும், முந்தைய நாள் கோட்டில் காய்ந்த பாலை இழுத்தால் நீளமாக வருவதையும் பார்த்த பிள்ளை அதை மறக்காது. கீழே கிடக்கும் விதைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்கும் விளையாட்டு உங்களுக்கே தெரியும். ஆனால் வாயில் போடவிடாதீர்கள், பச்சை விதையில் நஞ்சு இருக்கிறது.

மரத்தைப் பார்க்க பத்து நிமிடம் போதும். மிச்ச நேரம்?

ஊபுடியா பள்ளிவாசல். தங்க நிறக் கும்மட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே பிள்ளைகள் குரல் கொடுப்பார்கள். வரைபடம் போட்டவர் ஹப்பாக், ஈப்போ ரயில் நிலையமும் அவர் கைவரிசைதான். சுல்தான் இத்ரிஸ், நோய் தீர்ந்தால் பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். வேலை 1913-இல் தொடங்கியது, முடிந்தது 1917-இல். இடையில் முதல் உலகப்போர் வந்தது. அது போதாதென்று இரண்டு யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்து வைத்திருந்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டன. திரும்பவும் கல்லுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. நேர்ந்துகொண்ட சுல்தான் கட்டி முடிப்பதைப் பார்க்காமலே 1916-இல் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு யானை மட்டும் மனதில் நிற்கும், அதுவே போதும். அடக்கமான உடையோடு போங்கள், தொழுகை நேரத்தைத் தவிருங்கள். உள்ளே போகலாமா என்று அங்கிருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் போனால் நல்லது.

ஆற்றுக்கு அக்கரையில் சாயோங் கிராமம். சுரைக்காய் வடிவத்தில் கறுப்பு மண் குடுவை செய்வார்கள், லாபு சாயோங் என்று பெயர். தண்ணீர் சில்லென்று இருக்கும். களிமண் கையில் பட்டால் எந்தப் பிள்ளைக்கும் போன் நினைவு வராது. பட்டறைக்காரரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போனால் பிசைந்து பார்க்க விடுவார்கள்.

திரும்பும் வழியில் காராய் பக்கம் திரும்பினால் விக்டோரியா பாலம். பேராக் ஆற்றின் மேல் 1900-இல் முடித்த ரயில் பாலம், செங்கல் தூண்களின் மேல் இரும்புச் சட்டம். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டிய பிறகு 2002-இல் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஓரத்தில் நடைபாதை இருக்கிறது. நடக்கலாம், ஆனால் பேரன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு. கீழே ஆறு ஆழம்.

எந்த வயதிலிருந்து கூட்டிப் போகலாம்?

நான்கு வயதுக்கு மேல் எந்த வயதும் சரி. அதற்குக் கீழே என்றால் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள், பிள்ளை தூங்கப் போகிறது. ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள்தான் சரியான ஆட்கள்: ஆண்டு சொன்னால் கழித்துப் பார்த்து “அப்ப நீங்க பொறந்திருக்கீங்களா பாட்டி?” என்பார்கள்.

கெல்லிஸ் காசலில் பேய் இருக்கிறது என்கிறார்களே, பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா?

பயப்படுவார்கள், அதனால்தான் வரவே துடிப்பார்கள். பேய்க் கதையை நீங்களாக எடுக்காதீர்கள், இணையத்தில் பார்த்துவிட்டு அவர்களே எடுப்பார்கள். உண்மைக் கதை அதைவிடப் பெரியது.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், பத்து காஜா பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் போட்டுச் சம்பாதித்தவர். 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன, சென்னைப் பக்கத்துக் கொத்தனார்களும் வந்தார்கள். லிஃப்ட் வைக்க இடம் விட்டிருந்தார், மொட்டை மாடியில் விருந்து நடத்தத் திட்டம். 1918-இல் உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் இங்கேயும் வந்து, வேலையாட்கள் பலர் இறந்துபோனார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்க, துரையும் சம்மதித்தார். 1926-இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு அவர் இறந்தார். மாளிகை அப்படியே அரைகுறையாக நின்றுவிட்டது.

மாளிகையைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். அந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போங்கள். கோயிலின் மேலே சாமிச் சிலைகளுக்கு நடுவில் வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார். “எங்கே இருக்கார், கண்டுபிடி” என்று பேரப்பிள்ளைகளை விட்டுவிடுங்கள். கழுத்தை வளைத்து ஒவ்வொரு சிலையாகப் பார்ப்பார்கள், முருகன் எது, அம்மன் எது என்று சண்டையும் போடுவார்கள். கூலி கொடுத்த துரையைக் கூலிக்காரர்களே சாமிகளோடு நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அது நன்றியா, பயமா, நேர்த்திக்கடனா என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. பிள்ளைகளிடம் அதை இறக்கி வைக்கத் தேவையில்லை, பெரியவர்கள் திரும்பும் வழியில் பேசிக்கொள்ளலாம்.

மாளிகைக்குள் படிகள் குறுகல், சில இடங்களில் சுவர் தாழ்வு. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆள் இருந்தால்தான் மேலே ஏறுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, மைகாட்டை (அடையாள அட்டை) கையோடு வைத்திருங்கள்.

எனக்குக் கார் ஓட்ட முடியாது. ரயிலில் போகலாமா?

அதுதான் இன்னும் நல்லது. சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் மின்சார ரயில் நிற்கிறது, வடக்கே கோலகங்சார், அப்புறம் தைப்பிங். விடுமுறை நாட்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே டிக்கெட் எடுங்கள். சிறுவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் சலுகை உண்டு. பாடாங் ரெங்காசைத் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் சுரங்கம், 3.3 கிலோமீட்டர் நீளம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் அதற்காகவே ஜன்னல் சீட்டுக்கு அடிபிடி நடக்கும்.

நாட்டின் முதல் ரயில் பாதையே தைப்பிங்கில்தான். 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது, ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட வேலைப் படையினர்.

போர்ட் வெல்ட் இன்றைக்குக் கோல செப்பெத்தாங். தண்டவாளம் போய்விட்டது. டிக்கெட் கொடுத்த சின்ன அறையும் ஊர்ப் பெயர்ப் பலகையும் மட்டும் நிற்கின்றன. அந்தப் பலகைக்காகத்தான் போகச் சொல்கிறேன். ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம், தமிழ் என்று நான்கு எழுத்து வகையில் ஊர்ப் பெயர் இருக்கும். முதலாம் ஆண்டு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டி அதைப் படிக்கும்போது, எந்த விளக்கமும் இல்லாமலே அதற்கு ஒன்று புரியும்: இந்த ரயிலில் ஏறி இறங்கியவர்களில் தமிழ் படிக்கிறவர்களும் இருந்தார்கள். தைப்பிங் நிலையத்திலிருந்து அங்கே போக கிராப் கிடைக்கும். திரும்பி வரும் வண்டிக்கும் ஓட்டுநரிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே கரிச் சூளைகள் இருக்கின்றன, கவிழ்த்து வைத்த பெரிய மண்சட்டி மாதிரி. பக்காவ் என்ற சதுப்புநில மரத்தை உள்ளே அடுக்கி, வாயை அடைத்து, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பார்கள். மாத்தாங் சதுப்புக் காட்டில் வெட்டிய இடத்தில் மறுபடி வளரவிட்டு, 30 ஆண்டுச் சுற்றில் மரம் எடுப்பது வழக்கம். ஆஸ்துமா உள்ள பிள்ளையைச் சூளைப் பக்கம் கூட்டிப் போக வேண்டாம்.

தைப்பிங்கில் நேரம் மிச்சம் இருந்தால் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிய பள்ளத்தை 1880-இல் பூங்காவாக்கினார்கள். தண்ணீர் வரைக்கும் கிளை தாழ்த்தி நிற்கும் மழைமரங்களின் கீழே சாப்பாட்டைப் பிரிக்கலாம். 1883-இல் தொடங்கிய அருங்காட்சியகமும் அங்கே உண்டு, திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கொட்டும். பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது. எந்த மொழியில் சொல்வது?

வருகிற மொழியில். மலாய், ஆங்கிலம் கலந்தே பேசுங்கள். ஆனால் மங்கு, வாளி, லயம் (வரிசை வீடுகள்), கங்காணி (மேற்பார்வையாளர்), கிராணி (கணக்குப்பிள்ளை), பிரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போன்ற தோட்டத்துச் சொற்களை அப்படியே தமிழில் விடுங்கள். அவற்றுக்கு வேறு மொழி தேட வேண்டாம், பொருளைக் காட்டிப் பேரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

போர், கொலை, சண்டை இதெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

வயதைப் பார்த்துச் சொல்லுங்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொட்டு மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது, அது 1960 வரை நீடித்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு “அப்போ ராத்திரியில வெளியே போகக் கூடாது, அரிசியைக்கூட அளந்துதான் கொடுப்பாங்க, கம்பி வேலிக்குள்ள இருந்தோம்” என்றால் போதும். பத்து வயதுக்கு மேல் மீதியைச் சொல்லலாம்.

அதே ஜூன் 16, 1919-இல்தான் துன் சம்பந்தன் நம் ஊரில் பிறந்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கும் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் தொடங்கியதில் அவர்தான் முன்னால் நின்றார். பால் வெட்டியவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆன கதை இது. துரைகளைச் சுட்டுக் கொன்ற கதையைச் சொன்னால் இதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று பாப்பான், பத்து காஜாவுக்குப் பக்கம். ஈயம் போனதும் ஆட்களும் போய், பழைய கடைவீடுகளில் மரம் முளைத்து நிற்கும் தெரு. ஜப்பான்காரன் காலத்தில் அங்கே 74-ஆம் எண் வீட்டில் மருந்தகம் நடத்தியவர் சிபில் கார்த்திகேசு என்ற தாதி, டாக்டர் கார்த்திகேசு என்ற தமிழரின் மனைவி. ஒளித்து வைத்த வானொலியில் லண்டன் செய்தி கேட்டார், காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948-இல் பிரிட்டனில் இறந்தார். பிறகு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஒளித்து வைத்த வானொலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடு பூட்டியே இருக்கலாம், தெருவில் நின்று பார்த்தாலும் தப்பில்லை. இடிந்த கட்டடங்களுக்குள் மட்டும் நுழையவிடாதீர்கள்.

போன் கேட்டு அழுதால்?

கொடுங்கள், படம் எடுக்க. “இன்னைக்கு நீதான் போட்டோகிராபர்” என்றால் பத்துப் படத்தில் எட்டுப் படம் உங்கள் செருப்பாக இருக்கும், பரவாயில்லை.

சாப்பாடு?

எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு போங்கள், பழைய ஊர்களில் மத்தியானம் பல கடைகள் சாத்தியிருக்கும். கோலகங்சார் ஆற்றங்கரையில் லக்சா பிரபலம், மீன் குழம்பில் செய்வது, சைவக்காரர்கள் கவனிக்க. சென்டோலுக்கு யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை. கழிப்பறைக்குச் சில்லறையும் டிஷ்யூவும் கையில் இருக்கட்டும்.

நாங்கள் இருந்த தோட்டமே இப்போது இல்லை, எல்லாம் செம்பனையும் தாமானும் (வீடமைப்புப் பகுதி) ஆகிவிட்டது. எதைக் காட்டுவது?

இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். லயத்தை இடித்திருப்பார்கள், பால் கொட்டகை போயிருக்கும். ஆனால் கோயிலைத் தேடிப் பாருங்கள், பல இடங்களில் அது மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கும், திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ பழைய தோட்டத்து ஆட்கள் வந்து சேருவார்கள். அந்த நாளில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். “ஒன் பாட்டி இந்த வாய்க்கால்ல விழுந்தா தெரியுமா?” என்று அவர்கள் சொல்லும் கதையை நீங்கள் சொன்னால் பிள்ளை நம்பாது.

தமிழ்ப்பள்ளியையும் பாருங்கள். பள்ளி வேறு இடத்துக்கு மாறியிருந்தாலும் பழைய தோட்டத்தின் பெயரையே வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. வாசல் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள்.

எதுவுமே மிச்சம் இல்லையென்றால், ஒரு தாளில் லய வரிசையை வரையுங்கள். யார் வீடு எங்கே, குழாயடி எங்கே, கிராணி வீடு எங்கே, ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்கே. நீங்கள் சொல்லச் சொல்ல பேரப்பிள்ளை வரையட்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். செம்பனைத் தோட்டம் தனியார் நிலம் என்பதால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு நுழையுங்கள், பாம்பு இருக்கும், பிள்ளைகளுக்குப் பூட்ஸ் போடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஐந்து ஆறு வயது என்றால் கோலகங்சார்: மரம், யானைக் கதை, களிமண். அதற்கு மேல் என்றால் கெல்லிஸ் காசலும் மாரியம்மன் கோயிலும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், கடைசியில் ஏர்கோனைத் தவிர எதுவும் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.